நான்காவது அடையாளம்

கைக்கடிகாரம் கட்டியவர்களுக்கும், கட்டாதவர்களுக்கும், இனிமேல் பிறந்து வளர்ந்து கட்டப்போகிறவர்களுக்கும், ஆகச் சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: இணையத்தில் படத்தைப் பார்த்து ஒரு கைக்கடிகாரம் அசலா போலியா என்று கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம்.

அவ்வளவுதான். இந்த ஒரு வரியை வெளியே சொல்லாமல் இருப்பதற்காகத்தான் பதினோரு ஆண்டுகளாக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

மேடம், விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. எங்கள் தளம் 'அசல்' என்று பச்சைக் குறி போட்டு விற்ற ஒரு கடிகாரம் போலி என்று வாங்கியவர் புகார் கொடுத்திருக்கிறார். அது எப்படி என் கண்ணுக்குத் தப்பியது என்று சொந்த வார்த்தையில் எழுதித் தரச் சொன்னீர்கள். தாள் ஒரு கத்தை கொடுத்தீர்கள். அந்தக் கேள்விக்கு அரைத்தாள் போதும். மீதித் தாளை வீணாக்க மனமில்லாததால், நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் அரைத்தாள் பதில்.

நான் இந்த நிறுவனத்துக்கு வருமுன் பதினைந்து ஆண்டுகள் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கடிகாரம் பழுது பார்த்தவன். நிமிர்ந்தால் தலை இடிக்கும். இங்கே வந்ததும் நிமிர்ந்து உட்காரும்படி ஒரு நாற்காலியும், 'தலைமை மெய்த்தன்மை வல்லுநர்' என்று ஒரு பட்டமும் கொடுத்தார்கள். பட்டத்தை முழுசாகச் சொல்ல யாருக்கும் மூச்சுப் பிடிக்காது. அதனால் அலுவலகத்தில் எனக்கு லென்ஸ் என்று பெயர். விற்பவர்கள் தங்கள் கடிகாரத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள். நான் திரையில் பார்ப்பேன். பச்சை என்றால் அசல், சிவப்பு என்றால் போலி. ஒரு கடிகாரத்துக்கு நாற்பது வினாடி.

எங்கள் தளத்தில் அதிகம் கைமாறுவது ஒரே ஒரு கம்பெனியின் சாவி கொடுத்து ஓடும் கடிகாரம்தான். பெயர் வேண்டாம். அதைப் போலியிலிருந்து பிரித்தறிவது எப்படி என்று நான் எழுதிய 'பதினோரு அடையாளங்கள்' என்ற பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வரவேற்பறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். இணையத்தில் அதைப் படித்தவர்கள் பல லட்சம். அந்தப் பல லட்சத்தில் மிகவும் கவனமாக, பென்சிலும் கையுமாகப் படித்தவர்கள் போலிக் கடிகாரம் செய்கிறவர்கள். ஒன்று, இரண்டு என்று வரிசையாகத் திருத்திக்கொண்டே வந்தார்கள். இப்போதெல்லாம் பதினோரு அடையாளமும் பிசகில்லாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. அவ்வளவு ஒழுங்காக அசல் இருக்காது. உங்களிடம் புகாராக வந்திருக்கும் கடிகாரம் பதினோரு மதிப்பெண்ணும் வாங்கித் தேறியது. அது என் குற்றம் இல்லை. அதன் விடாமுயற்சி.

இத்துடன் உங்கள் கேள்வி முடிந்தது. பொய் எப்படி மெய்யாகப் போனது என்று கேட்டீர்கள். ஒரு மெய் எப்படிப் பொய்யாகப் போனது என்று இனி சொல்கிறேன்.

அந்தப் பட்டியல் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் நான் எழுதிக் கொண்டுபோனது பத்து அடையாளங்கள். பத்தும் நான் கண்ணால் கண்டு, கையால் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. எங்கள் இயக்குநர் தாளை ஒரு கையால் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். அவர் எதையும் தூரமாகப் பிடித்துத்தான் பார்ப்பார். அதற்குத் தொலைநோக்கு என்று பெயர்.

"பத்தா? பத்துன்னா பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி இருக்கு லென்ஸ். எவனும் படிக்க மாட்டான். பதினொண்ணு ஆக்குங்க."

"பதினொண்ணாவது என்கிட்ட இல்லையே சார்."

"இத்தனை வருஷம் வாட்ச்சுக்குள்ளயே குடியிருந்த மனுஷன், இல்லேன்னா எப்படி? சாயங்காலத்துக்குள்ள யோசிச்சு எடுத்துட்டு வாங்க."

அன்று என் மேசையில் அந்தக் கம்பெனிக் கடிகாரம் ஆறு இருந்தது. ஆறும் அசல். ஆறிலும் வினாடி முள்ளின் வால், அதாவது அச்சுக்குப் பின்பக்கம் நீளும் குட்டை முனை, வட்டமாக இருந்தது. 'வினாடி முள்ளின் வால் வட்டமாக இருக்கும். சதுரமாக இருந்தால் தயங்காமல் போலி என்று கொள்க' என்று எழுதினேன். கடைசியில் போட்டால் ஒட்டுப்போட்டது தெரியும் என்பதால் நான்காவதாகச் செருகினேன். பட்டியலின் நடுவில் இருக்கும் எதையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. குடும்பப் புகைப்படத்தில் நடு வரிசையில் நிற்பவர் யாராக இருந்தாலும் சொந்தக்காரர்தான்.

அந்த நான்காவது அடையாளம்தான் பட்டியலிலேயே அதிகப் புகழ் பெற்றது. பார்க்க எளிது அல்லவா. அதை மட்டும் வைத்து நான் சிவப்புக் குறி போட்டவை, நான் சொல்லவரும் சம்பவம் வரை, நானூற்றுப் பன்னிரண்டு. யாராவது மறுத்தால் கடிகாரத்தை நேரில் கொண்டுவரலாம். மூன்று பேர் குழு முன்னால் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் மெஷினைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோம். அப்படி வந்த சில பேருடையதும் போலியாகவே இருந்தது. அசல் வைத்திருந்தவர்கள் என்னைத் திட்டிவிட்டு வேறு தளத்துக்குப் போயிருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கப்பல்காரர் ஒருவர் அப்படி நேரில் வந்தார்.

சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரைக்கைச் சட்டை. இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உருகி இறுகிப்போய், பளபளவென்று இருந்தது. அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. மகளும் கூட வந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாத பெண்.

கதை இதுதான். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் தீப்பிடித்தபோது இவர் தலைமைப் பொறியாளரை இழுத்து வெளியே போட்டிருக்கிறார். அடுத்த துறைமுகத்தில் பொறியாளர் ஒரு புதுக் கடிகாரம் வாங்கி இவர் கையில் கொடுத்திருக்கிறார். கட்டிக்கொள்ளத்தான் கை இல்லை. அந்தத் தோலில் பட்டை பட்டால் எரியும். வலது கையில் கட்டினால் வேலை செய்ய இடைஞ்சல். ஆகவே பெட்டியிலேயே வைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் சாவி மட்டும் கொடுத்து, இருபத்தெட்டு வருடம் காப்பாற்றி, மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு இன்னும் பெரிதாகப் பளபளக்கும் ஒன்று பிடித்துப்போக, இதை விற்க அவன் எங்கள் தளத்துக்குப் படம் அனுப்பினான்.

நான் பார்த்தேன். வினாடி முள்ளின் வால் சதுரம். மேலும், இருபத்தெட்டு வயதுக் கடிகாரம் என்கிறார்கள், உடம்பில் ஒரு கீறல் இல்லை. கட்டாத கடிகாரத்தில் கீறல் விழாது என்பது எனக்கு உறைக்கவில்லை. நாற்பது வினாடி. சிவப்பு.

"தம்பி, போட்டோவுல பார்த்துச் சொல்லிட்டீங்க, அது உங்க தப்பில்ல," என்றார் கப்பல்காரர். "போட்டோவுல பார்த்தா என்னையே எனக்கு அடையாளம் தெரியாது. கையில வாங்கித் திறந்து பாருங்க."

மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, எனக்காக இதெல்லாம் வேண்டாம்பா. நான் உங்களை நம்புறேன்."

"நீ நம்புறம்மா. நீ நம்பி என்ன பண்ண? உன் மாமியார் நம்பணுமே."

மாமியார் சொன்னதையும் அவரே சொன்னார். "வாட்ச்சே இந்த லட்சணம்னா, அந்த நெருப்புக் கதை மட்டும் என்ன வாழுதாம், எங்கயாவது அடுப்புல சுட்டுக்கிட்டு வந்திருப்பாருன்னு சொல்லிட்டாங்க தம்பி." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'திருப்பி அனுப்பினோம்' என்று சொல்லவில்லை. 'கொஞ்ச நாள் அப்பா வீட்டில் இருந்துவிட்டு வா' என்றார்கள். எவ்வளவு கொஞ்சம் என்று சொல்லவில்லை.

"வியாழக்கிழமை மாப்பிள்ளை நேர்ல வர்றேன்னு சொல்லியிருக்காரு. அவர் கண்ணு முன்னால திறந்து காட்டுங்க. அது போதும் எனக்கு. இவளைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவாரு."

"பார்த்துடலாம் ஐயா," என்று கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

புதன்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். என் மேசைக்கு நல்ல வெளிச்சம், ஜன்னல் ஓரம். குழு முன்னால் பின்மூடி மக்கர் பண்ணினால் அசிங்கம் என்று முன்கூட்டியே திறந்து பார்ப்பது என் வழக்கம். திறந்தேன். லென்ஸைக் கண்ணில் வைத்தேன்.

மேடம், நான் எத்தனையோ ஆயிரம் மெஷின் பார்த்தவன். சில விஷயங்களுக்குப் பட்டியல் தேவையில்லை. தாயின் குரலை யாரும் அடையாளங்களை எண்ணிக் கண்டுபிடிப்பதில்லை. அது அசல். அசலிலும் அசல். மெஷினின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரிசை எண். பழைய தயாரிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கப்பல்காரர்களுக்கென்று அந்தக் கம்பெனி மூன்று ஆண்டு மட்டும் செய்த தனி வகை. வினாடி முள்ளின் வால் சதுரம் என்று அதில் படமே போட்டிருந்தது. புத்தகம் என் அலமாரியில் ஏழு வருடமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். எனக்கு வந்தது பயம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். பயம் இல்லை, பொறுப்புணர்ச்சி. நாளைக்கு இந்த மூடி திறந்தால் நான்காவது அடையாளம் விழும். நான்காவது விழுந்தால் நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். பிறகு மற்ற பத்தையும் யார் நம்புவார்கள். லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பட்டியலை நம்பித்தான் தைரியமாக ஒரு கடிகாரம் வாங்குகிறார்கள். ஒரு பக்கம் அத்தனை பேருடைய நிம்மதி, ஒரு பக்கம் ஒரே ஒரு மனிதரின் கடிகாரம். அதுவும் அவர் கட்டாத கடிகாரம். இப்படி யோசித்தேன். அந்த மாதத்தில் ஒரு கருத்தரங்கில் நான் தலைமை உரை ஆற்றுவதாக இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. அது தானாகவே நினைவில் இருந்தது.

போலி என்று முடிவானவற்றைப் போட்டுவைக்கும் பெட்டி என் காலடியில்தான் இருக்கும். அதில் அதே கம்பெனியின் நல்ல போலி ஒன்றைத் தேடி எடுத்தேன். மிக நல்ல போலி, என் பட்டியலைப் படித்தவன் செய்தது. அதன் மெஷினைக் கழற்றினேன். கப்பல்காரருடையதையும் கழற்றினேன். இரண்டையும் மாற்றிப் பொருத்தினேன். டயலையும் முட்களையும் தொடவில்லை. அவருக்கு அவருடைய கடிகாரம் அவருடையதாகவே தெரிய வேண்டும் அல்லவா. பதினெட்டு நிமிடம் ஆனது. சொல்லப்போனால், எத்தனையோ வருடம் கழித்து அன்றுதான் நான் உருப்படியாக ஒரு கடிகார வேலை செய்தேன். பிறகு கை கழுவிவிட்டு, மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். இன்னும் சூடாகவே இருந்தது.

வியாழக்கிழமை இயக்குநர், வக்கீல், நான். எதிரே கப்பல்காரர், மகள், மாப்பிள்ளை. மாப்பிள்ளை நல்ல பையன்தான். மாமனாருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். இயக்குநர் நேர்மையைப் பற்றிச் சிற்றுரை ஆற்றினார். ஒலிவாங்கி தேவையில்லாத சின்ன அறை. ஆனாலும் ஒலிவாங்கி இருந்தது, வேலை செய்யவில்லை.

மூடியைத் திறந்து லென்ஸைக் கப்பல்காரரிடமே கொடுத்தேன்.

"பாருங்க ஐயா. இந்த ஓரத்துல மெருகு இல்ல. இந்த எழுத்து அச்சு கலங்கியிருக்கு. வரிசை எண் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்ல."

இயந்திரங்களோடு வாழ்ந்தவர். பார்த்ததும் புரிந்துகொண்டார். நெடுநேரம் லென்ஸை எடுக்கவில்லை. பிறகு கடிகாரத்தைத் திருப்பி டயலைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். என்னைச் சந்தேகப்பட அவருக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை என்பதை அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

"அப்ப," என்றார், "அவர் என்னை ஏமாத்திட்டாரா?"

தன் உயிரைக் காப்பாற்றியதற்கு அந்தப் பொறியாளர் கொடுத்த பொருள். இருபத்தெட்டு வருடம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அவரையும் கடைக்காரன் ஏமாத்தியிருக்கலாம் ஐயா," என்றேன். அந்த ஆறுதலைச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மனிதாபிமானத்தில் சொன்னேன்.

"பரவால்ல மாமா, விடுங்க," என்றான் மாப்பிள்ளை. அவன் மகளைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. லிஃப்ட் வந்தது, ஏறிப் போய்விட்டான். அப்பாவும் மகளும் படியில் இறங்கினார்கள்.

இரண்டு முறை தோற்ற கடிகாரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது தளத்தின் விதி. ஒவ்வொரு காலாண்டிலும் 'போலி ஒழிப்புத் திருநாள்' என்று ஒன்று நடத்துகிறோம். நாடா வெட்டுவது, விளக்கு ஏற்றுவது, கைதட்டுவது எல்லாம் உண்டு. கடைசியில் பொத்தானை அமுக்கினால் ஒரு பெரிய இரும்புத் தட்டு இறங்கிப் போலிகளை எல்லாம் அப்பளமாக நசுக்கும். பொத்தானை இயக்குநர் அமுக்குவார். அவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

கப்பல்காரர் அன்றைக்கு வந்திருந்தார். யாரும் அழைக்கவில்லை. கடைசி வரிசை. வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டிருந்தார். விழா தொடங்குமுன் என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, பட்டை போலி இல்லையே?"

"இல்ல ஐயா. பட்டை நல்ல தோல்."

"அப்ப அதை மட்டும் எடுத்துக்கலாமா?"

விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'முழுமையாக அழிக்கப்படும்' என்றுதான் இருந்தது. காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"நீங்க உங்க வேலையைத்தானே பார்க்குறீங்க," என்று என் தோளைத் தட்டினார். இடது கையால்.

இரும்புத் தட்டு இறங்கியது. அவருடைய கடிகாரம் அதன் அடியில் இருந்தது. அவருடைய மெஷினும் இருந்தது, இன்னொரு கடிகாரத்தின் வயிற்றுக்குள். அன்று காலை அதற்கு நான் சாவி கொடுத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. அது ஓடிக்கொண்டேதான் நசுங்கியது. நாளுக்கு ஒரு வினாடிகூடப் பிசகாத ஓட்டம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் கவனித்திருப்பார்கள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் இன்னும் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு மருந்துக் கடையில் வேலை. என் ரத்த அழுத்த மாத்திரைக்கு என் தெருவிலேயே கடை உண்டு. நான் மூன்று தெரு தள்ளி அவள் கடைக்குப் போகிறேன். இதை ஒரு தண்டனையாக எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் கேட்டேன்.

"அப்பா நல்லா இருக்காராம்மா?"

"இருக்கார் சார். முன்ன மாதிரி பேச்சுத்தான் இல்ல. யார் கேட்டாலும் கை அடுப்புல சுட்டுக்கிச்சுன்னு சொல்றார்."

மாத்திரையை உறையில் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தாள். தெளிவான கையெழுத்து.

அன்று வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது, பல வருடமாக. "ஊரார் வாட்ச்சுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்றீங்க, இதை என்னிக்காவது தொட்டிருக்கீங்களா?" என்றாள் மனைவி. அவள் கடிகாரத்தைத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆகவே மேடம், இதை யாரும் வற்புறுத்தாமல், முழு நினைவோடு எழுதுகிறேன். கப்பல்காரர் கொடுத்த கடிகாரம் அசல். அதன் மெஷினை மாற்றியவன் நான். அவர் கை தீயில்தான் வெந்தது. பொறியாளர் ஏமாற்றவில்லை. இதை ஒரு கடிதமாக அவருக்கும், ஒரு பிரதியை மாப்பிள்ளையின் தாயாருக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். நானே நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். சரியான சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தேன். எழுதி முடித்த இந்த நிமிடத்தில் மனசு லேசாக இருக்கிறது. எட்டு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. குற்றத்தை உணர்ந்தவன் மறுபடி அதே தப்பைச் செய்ய மாட்டான் என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

நான்காவது அடையாளம் பட்டியலில் அப்படியேதான் இருக்கிறது. இன்று காலை இங்கே வருமுன் அதை வைத்து இரண்டு கடிகாரங்களுக்குச் சிவப்புக் குறி போட்டுவிட்டு வந்தேன்.